விபத்தும் வழக்கும் துணைநின்றோரும்: தொழிலாளர் நட்டஈட்டுச் சட்ட வரலாற்றில் ஓர் அம்சம்

இலங்கையின் தொழிற்சட்ட வரலாற்றை எழுதியோர் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைப் பெரும்பாலும் ஓரிரு வரிகளிற் கடந்து செல்வர். சட்டம் நிறைவேறியது, தொழிலாளி பாதுகாப்புப் பெற்றான் என்பதோடு அக்கதை முடிந்துவிடும். பின்னர் வந்த திருத்தங்களைக் கூறுமிடத்தும் தொகையே முதன்மை பெறும். 2005இல் 550,000 ரூபாவாக்கப்பட்ட உச்ச வரம்பு 2022இல் 20 இலட்சமாக உயர்த்தப்பட்டமையும் அவ்வாறே பேசப்பட்டது. ஆயின், ஓர் உரிமை சட்டப் புத்தகத்தில் இடம்பெறுவதற்கும் அது விரலிழந்த ஒருவனது கைக்குப் பணமாக வந்து சேர்வதற்கும் இடையே நெடுந்தூரம் உண்டு. விண்ணப்பத்தை எழுதியவர் யார், விசாரணையில் அவனுக்காகப் பேசியவர் யார், அவருக்குக் கூலி கொடுத்தவர் யார் என்னும் வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். நட்டஈட்டுச் சட்டத்தின் வரலாறு முழுவதும் இவ்வினாக்களைச் சுற்றியே அமைந்தது எனக் கூறின் அது மிகையாகாது. வழக்கறிஞரின் தேவையை ஒழிப்பதற்கென்றே ஆக்கப்பட்ட ஒரு சட்டம், அவரின்றி நடக்கவியலாத சட்டமாக மாறிய விந்தையை விளங்கிக்கொள்வதற்கு, இலங்கைச் சட்டத்தின் மூலத்தைத் தேடி முதலில் இங்கிலாந்துக்கே செல்லவேண்டும்.

1835ஆம் ஆண்டில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் வேலைசெய்த சாள்ஸ் பிறீஸ்ற்லி என்னும் இளைஞன், அளவுக்கு மீறிப் பாரமேற்றப்பட்ட வண்டி முறிந்தமையால் தொடையெலும்பு உடைந்து வீழ்ந்தான். அவன் பராயமடையாதவனாகையால் தந்தை அவன் சார்பில் வழக்குத் தொடுத்தார். 1836இல் யூரிமார் 100 பவுண் வழங்கத் தீர்ப்பளித்தனர். அடுத்த ஆண்டில் அத்தீர்ப்பை அபிங்கர் பிரபு தலைமையிலான நீதிமன்றம் தள்ளிவிட்டது. இத்தகைய பொறுப்பை எசமானர்மீது சுமத்தினால், பணிப்பெண் ஈரமான படுக்கையை விரித்தாளென்று வீட்டு வேலையாளும் வழக்குத் தொடுப்பானே என்ற அச்சம் அத்தீர்ப்பில் வெளிப்பட்டது. உடைந்த தொடையெலும்பையும் ஈரப் படுக்கையையும் ஒரே தராசில் நிறுத்த இவ்வாதத்திலிருந்தே 'பொது வேலைக் கோட்பாடு' கிளைத்தது. உடன்வேலையாளின் கவனக்குறைவால் காயமடைந்தவன் எசமானிடம் ஈடு கோரவியலாது என்பது அதன் சாரமாகும். நீராவியும் இரும்பும் ஆட்சிசெய்த ஆலைகளில் ஒருவனது விபத்துக்குப் பெரும்பாலும் மற்றொருவனது தவறே உடனடிக் காரணமாதலின், ஏறக்குறைய எல்லா வழக்குகளையும் அடைக்கக்கூடிய பூட்டாக இக்கோட்பாடு அமைந்தது. ஆபத்தை அறிந்தே வேலையை ஏற்றான் என்பதும், தன் தவறும் கலந்திருந்தது என்பதும் எஞ்சிய இரு பூட்டுகளாயின.

1880ஆம் ஆண்டின் எசமானர் பொறுப்புச் சட்டம் இவற்றுள் முதலாவதைச் சிறிது தளர்த்தியது. எனினும் தவறை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலேயே தங்கியது. அச்சட்டத்தின் பயனை வேண்டாமென முன்கூட்டியே ஒப்பந்தஞ் செய்து விலகுவது செல்லுபடியாகும் என 1882இல் நீதிமன்றம் தீர்த்தபின், அந்தத் தளர்ச்சியும் பல ஆலைகளிற் பொருளற்றதாயிற்று. ஜேர்மனியிலோ 1884இல் பிஸ்மார்க்கின் அரசாங்கம் விபத்துக் காப்புறுதியைக் கட்டாயமாக்கி, தவறு யாருடையது என்ற வினாவையே ஒதுக்கிவைத்தது.

இங்கிலாந்தில் அத்தகைய மாற்றம் 1897ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தோடு வந்தது. ஜோசப் சேம்பர்லினின் முயற்சியாற் பிறந்த இச்சட்டம் புகையிரதம், தொழிற்சாலை, சுரங்கம், கற்குழி முதலான சில தொழில்களுக்கு மட்டுமே முதலில் ஏற்புடைத்தாயிருந்தது. உழைக்கவியலாத காலத்துக்கு வாரக்கூலியிற் பாதி, ஆயின் ஒரு பவுணுக்கு மேற்படாமல் வழங்கப்படும். மரணமேற்படின் தங்கிவாழ்வோருக்கு மூன்றாண்டுக் கூலி அல்லது 150 பவுண், எது அதிகமோ அது, 300 பவுணுக்கு மேற்படாமற் கிடைக்கும். எசமானின் தவறு நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. பிணக்குகளை நடுத்தீர்ப்பு முறையில் எளிதாகவும் விரைவாகவும் முடித்துவிடலாம், நீண்ட வழக்குகளுக்கு இடமிராது என்பதே இதனை ஆக்கியோரின் நம்பிக்கை.

அந்நம்பிக்கை பொய்த்தமைக்கு ஒரு சொற்றொடரே போதுமானதாயிற்று. வேலையிலிருந்து எழுந்ததும் வேலையின்போது நிகழ்ந்ததுமான விபத்துக்கே ஈடு உண்டெனச் சட்டம் கூறிற்று. வேலை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? உணவு இடைவேளை வேலையா? விபத்து என்பதுதான் யாது? இயந்திரமொன்றின் சக்கரத்தைத் திருப்ப முழுவலுவையும் செலுத்திய ஒருவனுக்கு உடலினுள்ளே கிழிவு ஏற்பட்டபோது, புறத்தே எதுவும் நிகழாமையால் அது விபத்தன்று எனக் கீழ்நிலை நீதிமன்றங்கள் கொண்டன. 1903இல் பிரபுக்கள் சபையே அதனை மாற்றி, எதிர்பாராது நேர்ந்த இடரெல்லாம் விபத்தே எனப் பொருள்கொண்டது. கம்பளித் தரம்பிரிப்போன் ஒருவனின் கண்ணில் அந்திராக்ஸ் கிருமி புகுந்து அவன் இறந்தமையும் விபத்தே என 1905இல் அச்சபை தீர்த்தது. இவை சட்ட மாணவர் போற்றும் தீர்ப்புகள். ஆனால் இவற்றை வாசிப்போர் ஒன்றைக் கவனிப்பதில்லை. வாரத்துக்கு ஒரு பவுணுக்கும் குறைந்த ஈட்டுக்காக, நாட்டின் அதியுயர் நீதிமன்றம்வரை ஒரு கூலியாள் எவ்வாறு சென்றான்? அவன் தனியே செல்லவில்லை என்பதே விடை.

எதிர்த்தரப்பில் நின்றவரும் பல வேளைகளில் உண்மையில் எசமானர் அல்லர். 1897இன் பின்னர் எசமானர் தம் பொறுப்பைக் காப்புறுதிக் கம்பனிகளிடம் ஒப்படைத்தனர். ஆலை முதலாளிக்குத் தன் பழைய வேலையாளிடம் சிறிது இரக்கம் இருந்திருக்கலாம். கம்பனிக்கோ அவன் ஒரு கோவையின் இலக்கம் மாத்திரமே. வாரக்கொடுப்பனவை நெடுங்காலம் கொடுப்பதிலும் ஒருமுறை ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது கம்பனிக்கு இலாபம். வாடகையும் கடனும் நெருக்கிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அத்தொகை பெரிதாகத் தோன்றும். ஆலோசனை கூற ஒருவருமின்றி இடப்பட்ட கையொப்பங்கள் எத்தனையோ. இத்தகைய உடன்பாடுகள் நீதிமன்றிற் பதிவுசெய்யப்படவேண்டும் என்றும், தொகை போதாதெனின் நீதிபதி தலையிடலாம் என்றும் 1906ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தமை இந்நிலையை ஓரளவு ஒப்புக்கொண்டதாகும்.

வழக்கறிஞரின் கூலி பற்றியும் சட்டம் மௌனமாக இருக்கவில்லை. நடுத்தீர்ப்பாளரோ நீதிபதியோ அனுமதித்த தொகைக்கு மேல் எந்தச் சட்டத்தரணியும் முகவரும் ஈட்டுத் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளலாகாது என 1897ஆம் ஆண்டுச் சட்டமே தடைவிதித்தது. காயமடைந்தவனின் பணத்தைப் பங்குபோடுவோரிடமிருந்து அவனைக் காக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. சிறிய தொகைக்கான கடினமான வழக்கில் வருவாய் எதுவுமில்லையெனின் திறமையான சட்டத்தரணி அதனைத் தொடுவதில்லை. எசமானரின் தரப்புக்கு இத்தகைய கட்டுப்பாடு கிடையாது. காப்புறுதிக் கம்பனி தான் விரும்பிய கூலியைக் கொடுத்துத் தான் விரும்பியவரை அமர்த்தியது.

இவ்விடைவெளியை நிரப்ப முன்வந்தோருள் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தோரும் இருந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1890களில் கிழக்கு இலண்டனின் மான்ஸ்பீல்ட் இல்லத்திலும் பின்னர் டொயின்பி மண்டபத்திலும் 'ஏழையின் வழக்கறிஞர்' என்ற பெயரில் மாலை வேளைகளில் இலவச ஆலோசனை வழங்கப்பட்டது. அவை நற்பணிகளே. எனினும் கூறிய ஆலோசனையை நீதிமன்றம்வரை கொண்டுசெல்லும் பணவலு அவற்றுக்குக் குறைவு. அவ்வலு தொழிற்சங்கங்களிடம் இருந்தது. குறிப்பாகச் சுரங்கத் தொழிலாளர் சங்கங்கள் நட்டஈட்டை அன்றாட அலுவலாக்கின. தென் வேல்ஸின் கிளைச் சங்கங்களில் நட்டஈட்டுச் செயலாளர் என ஒருவரே இருந்தார். அவர் சட்டம் பயின்றவரல்லர். நிலத்தடியில் நிலக்கரி வெட்டியவர். ஆனால் எந்தத் தூண் எப்போது சரிந்தது, அப்போது அருகில் நின்றவர் யார், எந்த மருத்துவரின் சான்றிதழ் எத்தன்மையது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வழக்கின் வெற்றிக்கு வேண்டிய சான்று விபத்து நிகழ்ந்த அன்றே திரட்டப்படவேண்டும். அதனை நகரத்துச் சட்டத்தரணியால் ஒருபோதும் செய்யவியலாது. சட்டவாதம் வேண்டியவிடத்துச் சங்கம் தன் நிதியிலிருந்து சட்டத்தரணியை அமர்த்தியது. முதல் உலகப்போரிற் படையிற்சேர மறுத்துச் சிறைசென்ற டபிள்யூ. எச். தொம்சன் 1921இல் தாபித்த சட்ட நிறுவனம், காயமடைந்தோருக்காகவும் சங்கங்களுக்காகவும் மட்டுமே வழக்காடும் மரபை வளர்த்தது. காப்புறுதிக் கம்பனிகளின் பக்கத்தில் நெடுங்காலமாகத் திரண்டிருந்த அனுபவத்துக்கு எதிரான அனுபவம் இவ்வாறே மறுபக்கத்திலும் திரண்டது.

சங்கம் இல்லாத சிறு கடைச் சிப்பந்தியும் வீட்டுப் பணிப்பெண்ணும் இத்துணையின்றியே விடப்பட்டனர். 1942ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கை, இம்முறை ஈற்றில் வழக்கின்மீதோ வழக்குப் பயமுறுத்தலின்மீதோதான் தங்கியுள்ளது என இடித்துரைத்தது. அதன் விளைவாக 1946இல் நிறைவேறி 1948 யூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம், வேலை விபத்துக்கான கொடுப்பனவை அரசாங்கக் காப்புறுதியாக்கிற்று. பிறீஸ்ற்லியின் வழக்கிற் பிறந்த பொது வேலைக் கோட்பாடும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது.

இங்கிலாந்து கைவிட்ட அம்முறை அதற்குமுன் குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியாகியிருந்தது. இந்தியாவில் 1923இல் ஆக்கப்பட்டு 1924 யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம், சாதாரண நீதிமன்றங்களை விடுத்துத் தனி ஆணையாளரிடம் விசாரணையை ஒப்படைத்தது. வழக்கறிஞரின் தலையீட்டைக் குறைக்கவேண்டிக் கணக்கைக்கூட அச்சட்டம் முன்கூட்டியே செய்துவைத்தது. அதன் அட்டவணைப்படி முழங்கையிலோ அதற்கு மேலோ வலக்கையை இழந்தவன் உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 70ஐ இழந்தவனாவான், இடக்கையாயின் 60. ஒரு கண்ணுக்கு 30, பெருவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10, ஏனைய விரலொன்றுக்கு 5. இடக்கையால் வேலைசெய்பவனை அட்டவணை அறியாது. இரு கைவிரல்களின் நுனியாலும் கொழுந்து பறித்து நிறைக்கு ஏற்பக் கூலி பெறும் பெண்ணுக்கு ஒரு விரலின் பெறுமதி யாது என்பதையும் அது அறியாது. வளர்ந்தவரின் மரணத்துக்கு முப்பது மாதக் கூலி அல்லது 2,500 ரூபா, எது குறைவோ அதுவே வழங்கப்பட்டது. இச்சட்டத்தில் விரும்பத்தக்க ஏற்பாடொன்றும் இருந்தது. ஆணையாளர்முன் தோன்றுவதற்குச் சட்டத்தரணி மட்டுமன்றி, ஆணையாளரின் அனுமதியோடு பிறரும் தகுதிபெற்றனர். பின்னர் பதிவுபெற்ற தொழிற்சங்கத்தின் அலுவலர்க்கும் அத்தகுதி வெளிப்படையாகவே வழங்கப்பட்டது.

இலங்கையில் 1934க்கு முன்னர் காயமடைந்த தொழிலாளி உரோம-டச்சுச் சட்டத்தின்கீழ் எசமானின் கவனயீனத்தை நிரூபித்தே ஈடு பெறவேண்டியிருந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் அப்புக்காத்துக்கும் பிரக்கிராசிக்கும் கூலி கொடுத்து வழக்காடுவது தோட்டத் தொழிலாளிக்கோ துறைமுகக் கூலியாளுக்கோ எட்டாக்கனி. டொனமூர் யாப்பின்கீழ் 1931இல் அமைந்த அரசாங்க சபையில் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக இருந்தவர், மலையகத்தின் ஹற்றன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவான சட்டத்தரணி பெரி. சுந்தரம் ஆவார். அவருடைய பதவிக்காலத்திலேயே இக்கட்டளைச் சட்டம் நிறைவேறியது. சர்வசன வாக்குரிமை வந்து மூன்றாண்டுகளுக்குள் இச்சட்டமும் வந்தமை தற்செயலன்று. இந்தியச் சட்டத்தைப் பெரிதும் தழுவிய இது, ஆணையாளர் ஒருவரின் விசாரணையையும், உடலுறுப்புகளுக்கான அட்டவணையையும், சட்டப் பிரச்சினையில் மேன்முறையீட்டையும் கொண்டிருந்தது. மரணமேற்படின் எசமானர் ஈட்டை ஆணையாளரிடமே வைப்பிலிடவேண்டும். தங்கிவாழ்வோருக்கு அதனைப் பங்கிடுபவர் அவரே. இறந்தவனின் மனைவியிடம் சில நூறு ரூபாவைக் கொடுத்து விரலடையாளம் பெற்றுக்கொள்ளும் வழியை அடைத்த அளவில் இது சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி எனலாம்.

காயத்தோடு உயிர்தப்பியவனின் நிலை வேறு. தேயிலைத் தொழிற்சாலையில் உருளையினிடையே கை அகப்பட்ட ஒருவனை எண்ணிப் பார்ப்பின் இது விளங்கும். அவனது காயத்தை முதலிற் பார்த்து எழுதுபவர் தோட்ட வைத்தியர். அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். விபத்தைக் கண்ட சாட்சிகள் அதே துரையின் கீழும் கணக்கப்பிள்ளையின் கீழும் வேலைசெய்வோர். அவனது நாவாகச் செயற்பட்டுவந்த கங்காணியின் வருவாயும் தோட்டத்திலேயே தங்கியிருந்தது. வேலை நீக்கப்பட்டவன் லயத்து அறையையும் விட்டுச் செல்லவேண்டும். ஆணையாளரின் பணிமனை கொழும்பில், கடிதங்கள் ஆங்கிலத்தில். மலைநாட்டு நகரங்களில் நீதிமன்ற வாயிலில் அமர்ந்து பெட்டிசம் எழுதுவோரே அவனுக்கு எட்டிய சட்ட உதவியாக இருந்தனர். அவர்களது கூலி சிறிது, பணிவு மொழி பெரிது. ஆனால் எந்தத் திகதியில், எந்த இயந்திரத்தில், எவர் பணித்த வேலையின்போது விபத்து நேர்ந்தது என்னும் செய்திகள் அம்மொழியிடையே மறைந்துவிடுவதுண்டு. இரக்கத்தை யாசிக்கும் மனுவுக்கும் உரிமையைக் கோரும் விண்ணப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுக்குக் கற்பித்தவர் எவருமிலர்.

அவ்வேறுபாட்டைத் தொழிலாளருக்கு உணர்த்த முயன்றோருள் கோ. நடேசய்யர் முதன்மையானவர். 1924இல் தொடங்கிய 'தேசபக்தன்' மூலமும், பின்னர் தமிழில் வெளியிட்ட சிறு பிரசுரங்கள் மூலமும், கூலிச் சட்டங்களையும் தொழிலாளரின் உரிமைகளையும் அவர்கள் மொழியிலேயே அவர் எடுத்துரைத்தார். 1931இல் அவர் அமைத்த அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் இப்பணியின் தொடர்ச்சியே. கண்டியில் 1923 முதல் இயங்கிய இந்திய அரசாங்க முகவரின் பணிமனையும் முறைப்பாடுகளுக்குச் செவிசாய்த்தது. எனினும் இரு தரப்பினரும் ஒரே தடையை எதிர்நோக்கினர். தோட்டம் தனியார் நிலம். அழைப்பின்றி நுழையும் சங்க ஊழியர் அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்கு ஆளாவார். சட்டம் தொழிலாளிக்கு உரிமையை வழங்கிற்று; அவ்வுரிமையை அவனுக்கு விளக்கச் செல்பவரையோ குற்றவாளியாக்கிற்று. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்தின் பின்னரும், 1940இல் தோட்டங்களிற் பரவிய போராட்டங்களின் பின்னருமே இத்தடை படிப்படியாகத் தளர்ந்தது.

அதன்பின் மலையகத்தில் உருவான அமைப்பு, தென் வேல்ஸின் நட்டஈட்டுச் செயலாளரை நினைவூட்டுவது. தோட்டந்தோறும் 'தலைவர்', நகரந்தோறும் மாவட்டப் பிரதிநிதி என்னும் ஒழுங்கில், சட்டப் பட்டமில்லாத பலர் விண்ணப்பம் எழுதவும் விசாரணைக்கு அழைத்துச் செல்லவும் கற்றனர். எவருடைய பெயரும் சட்ட அறிக்கைகளில் இல்லாத இவர்களைப் பற்றிய ஆய்வு இன்னும் எழுதப்பட வேண்டியதே. ஆயின் இவ்வுதவி சங்கச் சந்தாவோடு பிணைந்திருந்தமையும், சங்கங்கள் அரசியற் கட்சிகளாகப் பிளவுபட்டபோது காயமடைந்தவன் எச்சங்கத்தவன் என்ற வினா முன்னின்றமையும் மறைக்கத்தக்கவையல்ல. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்த மக்களுக்குச் சங்கத்தைத் தவிர வேறு வாயிலும் இருக்கவில்லை. 1956இன் அரசகரும மொழிச் சட்டத்தின் பின்னர் ஆங்கிலக் கடிதம் சிங்களக் கடிதமாக மாறியது; அதை வாசித்துக் காட்ட ஒருவரைத் தேடவேண்டிய நிலை மாறவில்லை. தமிழும் அரசகரும மொழியாதல் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்திலேயே இடம்பெற்றது. 1978இல் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வறியவருக்குச் சட்டத்தரணியை அமர்த்தும் கடமையை முதன்முதலாக அரசிடம் கொண்டுவந்தது. காயமடைந்தவன் அதன் வாயிலை அடையும்போது விபத்தின் சான்றுகள் மறைந்துவிட்டிருத்தல் கூடும் என்பது அதற்கும் பொருந்தும்.

2022ஆம் ஆண்டின் திருத்தம் வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தையும் சட்டத்தின் எல்லைக்குட் கொண்டுவந்தது. வேலை எங்கே தொடங்குகிறது என்று 1897 முதல் நீதிமன்றங்கள் வாதிட்டுவந்த வினா இதனால் வேலைத்தலத்தின் வாயிலைத் தாண்டிப் பெருந்தெருவுக்கு வந்துள்ளது. வழியிற் கடைக்குத் திரும்பிய பெண் தொழிலாளி இன்னும் வேலைக்குச் செல்லும் வழியில்தான் இருந்தாளா? ஆலைக்குள் நேர்ந்த விபத்துக்கு உடன்வேலையாளராவது சாட்சி. தெருவில் நேர்ந்ததற்குப் பொலிஸ் குறிப்பும் வழிப்போக்கருமே சாட்சி. அக்குறிப்பில் அவள் எங்கு சென்றுகொண்டிருந்தாள் என எழுதப்பட்டதோ, அதுவே ஆணையாளர்முன் முதலில் வாசிக்கப்படும்.